இரண்டு மூட்டை கட்டம்போட்ட சட்டை

சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் உருண்டு மேஜைமேல் விழுந்ததும் தம்பி மூட்டையைப் பிரிப்பதை நிறுத்தினான்.

தையல் கடையில் சாக்பீஸ் கிடப்பது அதிசயமில்லை. ஆனால் தையல் சாக்பீஸ் தட்டையாக இருக்கும். இது உருண்டையாக இருந்தது. கரும்பலகையில் எழுதி எழுதிப் பாதி தேய்ந்தது. மூட்டையின் மேல் குத்தியிருந்த சீட்டிலோ அவன் கையெழுத்திலேயே 'லாரி டிரைவர்' என்று எழுதியிருந்தது.

லாரி டிரைவர் எதற்குச் சட்டைப் பையில் சாக்பீஸ் வைத்துக்கொள்ளப் போகிறார்?

அவன் மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் முதுகு தெரிந்தது. சாக்பீஸை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தப்புச் செய்தவன் முதலில் செய்கிற காரியம் அதுதானே.

அது ஒட்டுப்போர்வைக் கடை. அங்கே வருகிற துணியெல்லாம் செத்துப்போனவர்களுடையது. வீட்டில் ஒருத்தர் போய்விட்டால், அவர் உடுத்திக் கிழியாமல் விட்டுப்போன துணிகளை மூட்டை கட்டிக் கொண்டுவருவார்கள். அக்கா அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துப் போர்வையாகத் தைத்துக் கொடுப்பாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் திடீரென்று போய்ச்சேர்ந்தபோது தனக்காக ஒன்று தைத்தாள். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு மூச்சு அழுதாள். அடுத்த வாரம் தன் அண்ணன் சட்டைகளோடு வந்து நின்றாள். அப்படியே அது கடையாகிவிட்டது.

ஊரில் இதைவிடப் பெரிய போர்வைக் கடைகள் இருந்தன. கண்ணாடிக் கதவும், ஏசியும், "வாங்க மேடம்" என்று சொல்ல ஆளுமாக.

"அங்கெல்லாம் போகாம சனங்க ஏன் இங்க வர்றாங்க தெரியுமா?" என்று அக்கா மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். "இங்க குடுத்த துணி மாறாது. அது ஒண்ணுதான் நம்ம கடை. மத்ததெல்லாம் வெறும் நூலும் பஞ்சும்."

துணி மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் தம்பியின் வேலை. இருந்த ஒரே வேலை. அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. இதற்கு முன் பார்த்த ஏழு வேலைகளும் அவனைக் கேட்காமலே அவனைவிட்டுப் போயிருந்தன. அக்காவைத் தெருவே அக்கா என்று கூப்பிட்டதால் அவன் தெருவுக்கே தம்பியாகிவிட்டான். அவனைவிட இருபது வயது சின்னவர்கள்கூட "தம்பி, கடை திறந்தாச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

போன மாதம் ஒரே நாளில் இரண்டு மூட்டைகள் வந்தன. ஒன்று கணக்கு வாத்தியாருடையது. அவர் மகன் கொண்டுவந்து போட்டான். இன்னொன்று லாரி டிரைவருடையது. அவர் மனைவியே மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். இரண்டிலும் பதினொரு சட்டைகள். பதினொன்றும் கட்டம் போட்டவை. அறுபது வயது தாண்டிய ஆண்களுக்கெல்லாம் இந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்லி யார் உத்தரவு போட்டார்களோ தெரியவில்லை. தம்பி இரண்டையும் பிரித்து எண்ணினான். சீட்டு எழுதினான். தும்மினான். சீட்டைக் குத்தினான். அந்தத் தும்மலில்தான் கை தவறியிருக்க வேண்டும்.

ஆக, முந்தாநாள் வாத்தியார் வீட்டம்மா வாங்கிக்கொண்டு போன போர்வை, லாரி டிரைவர். இங்கே மேஜைமேல் கிடப்பது வாத்தியார். டிரைவர் வீட்டம்மா போர்வை வாங்க வரப்போவது சனிக்கிழமை.

முந்தாநாள் நடந்தது தம்பிக்கு ஞாபகம் வந்தது. வாத்தியார் வீட்டம்மா போர்வையைப் பிரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒவ்வொரு சதுரமாகத் தடவினார். பிறகு "நல்லா இருக்கு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, அவசரமாக மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாவம், அழுது வீங்கிய கண்ணுக்கு எது தெரியும்?

அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தான். மெஷின் நின்றது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா."

"டிரைவர் மூட்டைய எடுத்து வை. இன்னைக்கு வெட்டணும்."

"சனிக்கிழமைதானே? நாளைக்கு வெட்டினா என்ன?"

"ஏன், நாளைக்குக் கத்திரி தானா வெட்டுமா?"

அவன் மூட்டையை எடுத்து வைக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனான்.

கதவைத் திறந்த வாத்தியார் வீட்டம்மாவைப் பார்த்து அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் குறைந்திருந்தது. கூடத்துக் கட்டிலில் போர்வை விரித்திருந்தது. இப்போதுதான் தூங்கி எழுந்திருப்பார் போலிருக்கிறது.

"அம்மா, போர்வைய ஒரே ஒரு நாள் குடுத்தீங்கன்னா... ஓரத்துல ஒரு தையல் விட்டுப்போச்சு. போட்டுக் குடுத்துடறோம்."

"நான் பாத்தேனே. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"வெளிய தெரியாதும்மா. உள் தையல்."

"உள்ள இருக்கறது உள்ளயே இருக்கட்டும் தம்பி."

"பிரிஞ்சுபோச்சுன்னா?"

"பிரிஞ்சா நானே தைச்சுக்கறேன். எனக்கு ஊசி பிடிக்கத் தெரியும்."

ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் தம்பிக்கு மூளை வேலை செய்தது. அவனுக்கு மூளை வேலை செய்த நாளெல்லாம் கெட்ட நாளாகத்தான் முடிந்திருக்கிறது.

"அதாம்மா விஷயமே," என்றான். "உள்ள ஒரு ஊசி தங்கிப்போச்சோன்னு சந்தேகம்."

அந்த அம்மா கதவிலிருந்து திரும்பி நடந்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, போர்வையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"குத்தினா குத்தட்டும்," என்றார். "பழகினதுதான்."

தம்பி போர்வையின் ஒரு மூலையைப் பிடிக்கக் குனிந்தபோது உள்ளறையிலிருந்து மகன் வந்துவிட்டான்.

"என்னது, ஊசியா? எங்கம்மா படுக்கற போர்வையிலயா?"

"சந்தேகம்தான் சார். எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு..."

"நகருங்க, நானே பாக்கறேன்."

மகன் போர்வையைத் தரையில் விரித்து, அங்குலம் அங்குலமாகக் கையால் அமுக்கிப் பார்த்தான். அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு, அவன் கையை எடுக்க எடுக்க அந்த இடத்தைத் தடவிச் சரிசெய்துகொண்டே வந்தார். ஊசி இல்லை. இல்லாத ஊசி எப்படி இருக்கும்? ஆனாலும் மகனுக்கு மனசு ஆறவில்லை. போர்வையையும் கொடுக்கவில்லை. அவன் ஆபீசுக்குப் போகிற வழியில் ஒன்பது பேரிடம் சொன்னான். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

தம்பி கடைக்குத் திரும்பியபோது காரியம் கைமீறியிருந்தது. அவன் எடுத்து வைக்காத மூட்டையை அக்காவே எடுத்துவிட்டாள். மேஜைமேல் வாத்தியார் நூற்று நாற்பத்து நான்கு சதுரங்களாகக் கிடந்தார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் கடை வாசலில் கூட்டம். ஆளாளுக்குக் கையில் ஒரு போர்வை.

"அக்கா, இதுலயும் ஊசி இருக்கான்னு பாத்துடுங்க."

"எங்க வீட்டுல கைக்குழந்தை இருக்கு, அக்கா."

"ரெண்டு நாளா இடுப்புல என்னமோ சுருக்குன்னுது. நான் வாயுன்னு நெனச்சேன்."

இருபத்து மூன்று போர்வைகள். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியவர்கள் மாதிரி, எல்லாரும் தங்கள் தங்கள் செத்தவர்களை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா அவனை உள்ளே இழுத்தாள். "ஊசின்னு யாருடா கிளப்பிவிட்டது?"

"யாரோ தெரியலக்கா. பொறாமை பிடிச்சவங்க."

"ஒரு போர்வை முடிஞ்சா ஊசிய எண்ணாம நான் எழுந்திருப்பேனா? நீயே பாத்திருக்கியா இல்லையா?"

"பாத்திருக்கேன்."

"அப்ப போய் அவங்ககிட்ட சொல்லு."

சொன்னான். யாரும் நம்பவில்லை. பழைய ரேடியோவைப் பிரித்து அதிலிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு போர்வையாகத் தடவ ஆரம்பித்தான். ஒரு பெரியவர் மட்டும் தன் மனைவியின் போர்வையைக் கீழே வைக்கவே மாட்டேன் என்றார். மடியில் வைத்தபடியே காட்டினார்.

"மெதுவா தடவுப்பா," என்றார் தணிந்த குரலில். "அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி."

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத் தடவினான். இருபத்து மூன்று போர்வைகளையும் முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. கிடைத்தது ஒரே ஒரு ஊசி. அதுவும் குனிந்து நிமிரும்போது அவன் சட்டைக் காலரிலிருந்தே காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா! இருக்கு!" என்றாள் ஒருத்தி.

"இது என் காலர்லேர்ந்து வந்தது, அம்மா!"

"காலர்லேர்ந்து வருதுன்னா போர்வைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

அந்த வாரம் தைக்கக் கொடுத்திருந்த நாலு பேர் மூட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா டிரைவர் போர்வையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பொறுத்தவரை அது டிரைவர்தான். இது ஒன்றாவது பழுதில்லாமல் போகவேண்டும் என்று, வழக்கத்தைவிட நெருக்கமாகத் தையல் போட்டாள். அதைப் பார்க்கப் பார்க்கத் தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த நாள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும், நேற்றே சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அவனுக்கு மறுபடியும் மூளை வேலை செய்தது.

மூட்டையைக் கொடுத்த அன்று டிரைவர் வீட்டம்மா ஒன்று சொல்லியிருந்தார். "எத்தனை துவைச்சாலும் டீசல் வாசனை போகாது தம்பி. முதல்ல எனக்குத் தலை வலிக்கும். இப்ப அந்த வாசனை இல்லாம தூக்கம் வரல." கட்டமெல்லாம் ஒரே மாதிரிக் கட்டம். வாசனை ஒன்றுதானே வித்தியாசம்? தெருமுனையில் நின்ற லாரிக்காரரிடம் கெஞ்சி ஒரு துணியில் கொஞ்சம் டீசல் நனைத்துக்கொண்டு வந்து, போர்வையின் நாலு மூலையிலும் ஒற்றி எடுத்தான்.

"கடைக்குள்ள என்னடா பெட்ரோல் பங்க் நாத்தம்?" என்றாள் அக்கா.

"வெளிய ஏதோ வண்டிக்கா."

சனிக்கிழமை காலை கடை திறந்த உடனேயே டிரைவர் வீட்டம்மா வந்துவிட்டார். போர்வையை வாங்கி, பிரிக்காமலே முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அவரேதான்," என்றார் உள்ளிருந்து.

தம்பி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். தப்பித்தோம்.

எல்லாப் போர்வையிலும் ஒரு சட்டைப் பையை மட்டும் வெட்டாமல் முழுசாக வைத்துத் தைப்பது அக்காவின் பழக்கம். வேண்டுமானால் அதில் ஒரு போட்டோவைச் செருகிவைத்துக்கொள்ளலாம். டிரைவர் வீட்டம்மாவின் விரல் தடவிக்கொண்டே வந்து அந்தப் பைக்குள் போயிற்று. பையின் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு கறை இருந்தது.

"இது என்ன?"

"மைம்மா," என்றாள் அக்கா. "செவப்பு மை. அலசிப் பாத்தேன், போகல."

"இவர் பேனாவே வச்சுக்க மாட்டாரே. கையெழுத்துப் போடணும்னாகூட என்கிட்டதான் கேப்பார்."

அந்த அம்மா போர்வையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு மூலையை முகர்ந்தார். நடுவில் முகர்ந்தார். மறுபடி மூலையை முகர்ந்தார். பிறகு அதை மேஜைமேல் வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"டீசல் மட்டும்தான் இருக்கு. அவர் எங்க தம்பி?"

தம்பி கீழே கிடந்த நூலைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"இது யாரு?" என்று கேட்டார் அந்த அம்மா.

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. சாக்பீஸை எடுத்து மேஜைமேல் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். தும்மலைச் சொன்னான், ஊசியைச் சொன்னான், லாரிக்காரரைச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தான். அக்கா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். நாற்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவனைத் திட்டாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"வாங்கம்மா," என்று டிரைவர் வீட்டம்மாவிடம் சொன்னாள். "போய்க் கேக்கலாம்."

மூன்று பேரும் போனபோது வாத்தியார் வீட்டம்மா கட்டிலில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் வீட்டம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேராகப் போய் நடுவிலிருந்த ஒரு பச்சைச் சதுரத்தின்மேல் கையை வைத்தார்.

"இது என்னை ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டிட்டு வந்தப்ப போட்டிருந்தது," என்றார்.

மகன் எகிறினான். "எங்கப்பான்னு சொல்லி யாரோ ஒருத்தரை எங்கம்மா மேல போத்திவிட்டிருக்கீங்க! இதெல்லாம் ஒரு கடையா?"

"தப்புதான், சார்," என்றாள் அக்கா. "உங்கப்பா இதுல இருக்கார். கொண்டுவந்திருக்கேன்."

அவன் வாங்கிப் பார்த்து மூக்கைச் சுளித்தான். "எங்கப்பா மேல ஏன் டீசல் நாறுது?"

கட்டிலருகே இரண்டு அம்மாக்களும் போர்வைக்கு ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, துணி உலர்த்தப் போகிறவர்கள் மாதிரி நின்றார்கள். வாத்தியார் வீட்டம்மா சண்டை போடவில்லை. ஆனால் விடவும் இல்லை.

"அவர் எப்படி?" என்று கேட்டார்.

"எப்படின்னா?"

"வீட்டுல. எப்படி இருப்பார்?"

டிரைவர் வீட்டம்மா போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னத்தச் சொல்றது? வண்டி எடுத்துட்டுப் போனா பத்து நாள் ஆகும். எந்நேரத்துல வந்தாலும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் உள்ள வருவார். சத்தம் கேட்டு நான் முழிச்சுக்குவேனாம். ஆறினத அப்படியே சாப்பிட்டுட்டுப் படுத்துக்குவார்."

"எழுப்ப மாட்டாரா?"

"ஒருநாள்கூட எழுப்பினதில்ல."

வாத்தியார் வீட்டம்மா தலையை ஆட்டினார். ஒரு மடிப்பைச் சரிசெய்தார். பிடியை விட்டார்.

மகன் கொடுத்த போர்வையை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய் பீரோவின் மேல், பழைய பெட்டிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். கோபம் இருக்கத்தானே செய்யும் என்று தம்பி நினைத்துக்கொண்டான்.

இந்தத் தடவை மகன் ஒன்பது பேரோடு நிறுத்தவில்லை. அந்தக் கடையில் பிணம் மாறுகிறது என்றே பேச்சாகிவிட்டது. மிச்சமிருந்த மூட்டைகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு வாரத்தில் அலமாரி காலி. அக்கா தினமும் வந்து மெஷினுக்கு எண்ணெய் போட்டாள். தைக்க ஒன்றுமில்லாமல் வெறும் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். தம்பியைப் பார்க்காமலே சாப்பாடு வைத்தாள்.

"நான் வேணா எங்கயாவது போயிடறேன்க்கா," என்றான் அவன்.

"எங்க போவ?"

அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

"நாளைக்குப் பலகையக் கழட்டிடு," என்றாள் அக்கா. "எட்டாவது வேலையும் போச்சு உனக்கு." சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். ஆனால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தம்பி ஸ்டூல்மேல் ஏறிப் பெயர்ப்பலகையின் இரண்டு ஆணிகளைக் கழற்றியிருந்தான். மூன்றாவதை நெம்பும்போது கீழே பார்த்தால், நாலு பெண்கள் நின்றிருந்தார்கள். நாலு பேர் கையிலும் மூட்டை. உடம்பில் படாமல், தள்ளித் தள்ளிப் பிடித்திருந்தார்கள். முன்னால் நின்றவர் வாத்தியார் வீட்டம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அவனுக்கு முகம் தெரியும்.

சண்டைக்கு வந்திருக்கிறார்கள். தம்பி ஸ்டூல்மேல் நின்றபடியே கும்பிட்டான்.

"நடந்தது தப்புதாம்மா. எல்லாம் என்னாலதான். அக்கா மேல ஒரு குத்தமும் இல்ல. கடையையே மூடறோம். அப்படியே மறுபடி திறந்தாலும் இனிமே ஒரு துண்டுத் துணிகூட மாறவே மாறாது."

"ஐயோ, அப்படிச் சொல்லிடாதீங்க தம்பி," என்று பதறினார் அந்த அம்மா. மூட்டையை அவன் காலடியில் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இது எங்க வீட்டுக்காரரோட சட்டை, இத யாருக்கு வேணும்னாலும் போட்டுக்குங்க; வாத்தியார் வீட்டம்மாவுக்குச் செஞ்ச மாதிரி, எனக்கும் யாராவது ஒரு நல்ல மனுஷனோடதா பாத்து மாத்திக் குடுத்துடுங்க."